நுண்ணலைகளைக் குவிக்கும் லென்ஸை வடிவமைப்பது எப்படி?

கேள்வி கேட்டவர் முதுகலை இயற்பியல் மாணவர். கல்லூரி ஆய்வகத்தில் 10 ஜிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்கும் கன் டையோடு (நுண்ணலையை உண்டாக்கும் சிறு குறைக்கடத்திக் கருவி) அலைமூலமும் ஹார்ன் எனும் புனல் வடிவ ஆன்டெனாவும் இருப்பதாகவும், அதிலிருந்து வரும் நுண்ணலைகளை ஓரிடத்தில் குவிக்க மெழுகால் லென்ஸ் செய்ய விரும்புவதாகவும் எழுதியிருக்கிறார். பள்ளியில் படித்த லென்ஸ் சமன்பாடு இதற்குப் போதுமா என்பது அவர் கேட்கும் முதல் கேள்வி. அதே லென்ஸைக் கொண்டு மைக்ரோவேவ் அடுப்பின் ஆற்றலையும் குவிக்க முடியுமா என்பது இரண்டாவது. இரண்டுக்கும் முடிந்தவரை முழுமையாகப் பதில் சொல்கிறேன்.

வளைவைப் பற்றி யோசிப்பதற்கு முன்பு ஒன்றைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்: உங்கள் லென்ஸின் விட்டம் எத்தனை அலைநீளம்? கண்ணாடி லென்ஸைக் கையாளும்போது இந்தக் கேள்வி நமக்கு எழுவதே இல்லை, ஏனென்றால் 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு சாதாரண லென்ஸின் குறுக்கே பச்சை ஒளியின் அலைநீளங்கள் ஏறத்தாழ ஒரு லட்சம் அடங்கிவிடும். 10 ஜிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 3 சென்டிமீட்டர். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள லென்ஸின் குறுக்கே பத்தே பத்து அலைநீளங்கள்தான் நிற்கும். இந்த அளவில் கதிர்களை நேர்கோடுகளாக வரைந்து பார்ப்பது தொடக்கத்துக்கு உதவுமே தவிர, குவியம் எவ்வளவு சிறியதாக இருக்கும் என்பதையும் எங்கே விழும் என்பதையும் விளிம்பு விளைவுதான், அதாவது அலைகள் விளிம்புகளில் வளைந்து பரவுவதுதான், தீர்மானிக்கிறது. நுண்ணலை லென்ஸ் வடிவமைப்பில் ஏமாற்றம் பெரும்பாலும் இந்தக் கணக்கைப் போடாமல் விடுவதால்தான் வருகிறது. வளைவில் ஏற்படும் பிழைகளால் வருவது குறைவு.

நுண்ணலைகள் ஒளியைப் போலவே விலகும் என்பது மிகப் பழைய கண்டுபிடிப்பு. 1888-இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவ நகரில் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ், கடினமான கீலை (தார் போன்ற கறுப்புப் பொருள்) வார்த்து ஒன்றரை மீட்டர் உயரமுள்ள முப்பட்டகம் ஒன்றைச் செய்தார். அதன் எடை சுமார் 600 கிலோகிராம். 66 சென்டிமீட்டர் அலைநீளமுள்ள அவருடைய அலைகள் அந்த முப்பட்டகத்தின் வழியாகச் சென்று 22 பாகை திரும்பின. அதிலிருந்து கீலின் விலகல் எண் 1.69 என்று கணக்கிட்டார். சில ஆண்டுகளில் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் ஜகதீச சந்திர போஸ் அலைநீளத்தை மில்லிமீட்டர் அளவுக்குக் குறைத்துவிட்டதால், அவருடைய கருவிகள் மேசைமேல் அடங்கின. அலைநீளம் சுருங்கினால் கருவியும் சுருங்கும். ஹெர்ட்ஸுக்கு 600 கிலோகிராம் கீல் தேவைப்பட்டதற்கு வேறு காரணம் இல்லை.

இப்போது வளைவுக்கு வருவோம். லென்ஸ் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான். குவியத்திலிருந்து புறப்படும் அலை எந்தத் திசையில் சென்றாலும், லென்ஸைக் கடந்து வெளிவரும்போது எல்லாப் பாதைகளிலும் கட்டம் (அலை தன் ஏற்ற இறக்கச் சுழற்சியில் இருக்கும் நிலை) ஒன்றாக இருக்க வேண்டும். காற்றில் கடந்த தூரத்தோடு, பொருளுக்குள் கடந்த தூரத்தை விலகல் எண்ணால் பெருக்கிக் கூட்டினால் கிடைக்கும் மொத்தம் எல்லாப் பாதைக்கும் சமமாக இருந்தால் அது நிறைவேறும். லென்ஸின் ஒரு முகம் தட்டையாகவும், வளைந்த முகம் ஹார்னைப் பார்த்தும் இருப்பதாகக் கொள்ளுங்கள். குவியத்தூரம் கு, விலகல் எண் ந, வளைவின் உச்சியிலிருந்து அச்சு வழியே உள்ளே அளக்கும் ஆழம் த, அச்சிலிருந்து அந்த இடத்தின் உயரம் உ என்று வைத்துக்கொண்டால், பாதைகளைச் சமப்படுத்தும்போது கிடைப்பது:

உ² = (ந² − 1) × த² + 2 × கு × (ந − 1) × த

இது அதிபரவளையத்தின் சமன்பாடு. இதில் தோராயம் எதுவும் இல்லை. கதிர்க் கணக்கின் அளவில் இது முழுத் துல்லியமானது.

உங்கள் தேவைக்கு இதில் எண்களைப் போட்டுப் பார்ப்போம். பாரஃபின் மெழுகின் ஒப்புமை விடுதிறன் (மின்புலத்தில் பொருள் எவ்வளவு முனைவாகிறது என்பதைக் காட்டும் எண்) சுமார் 2.25, அதன் வர்க்கமூலமான 1.5-தான் விலகல் எண். விட்டம் 30 சென்டிமீட்டர், குவியத்தூரமும் 30 சென்டிமீட்டர் என்று கொண்டால், சமன்பாடு உ² = 1.25 த² + 30 த என்று ஆகிறது. ஆழம் 1 சென்டிமீட்டரில் உயரம் 5.59, 2-இல் 8.06, 3-இல் 10.06, 4-இல் 11.83, 5-இல் 13.46, 6-இல் சரியாக 15. ஆகவே நடுத் தடிமன் 6 சென்டிமீட்டர். சரிபார்ப்பதும் எளிது: குவியத்திலிருந்து விளிம்புவரை நேராக அளந்தால், 36-க்கும் 15-க்கும் கர்ணமான 39 சென்டிமீட்டர் வருகிறது, அச்சு வழியே காற்றில் 30, மெழுகில் 6 × 1.5 ஆகிய 9, கூட்டினால் அதே 39. பாதைகள் சமம்.

பள்ளிச் சமன்பாடு ஏன் போதாது என்பதற்கும் இந்த எண்களே விடை. அந்தச் சமன்பாட்டின்படி தட்டைக்குவி லென்ஸின் வளைவு ஆரம் கு × (ந − 1), அதாவது 15 சென்டிமீட்டர். 30 சென்டிமீட்டர் விட்டத்துக்கு 15 சென்டிமீட்டர் ஆரம் என்றால் அது முழு அரைக்கோளம். நடுவில் 6 சென்டிமீட்டருக்குப் பதிலாக 15 சென்டிமீட்டர் மெழுகு. அச்சுக்கு அருகில் இரு வளைவுகளும் ஒன்றோடொன்று பொருந்தும். அச்சிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளிப் போனாலே பாதை வேறுபாடு அலைநீளத்தில் ஏழில் ஒரு பங்கை எட்டிவிடுகிறது, அதற்கு அப்பால் மிக வேகமாகக் கூடுகிறது. கண்ணாடி லென்ஸில் குவியத்தூரம் விட்டத்தைவிடப் பல மடங்கு பெரிதாக இருப்பதால் கோள வடிவத்தை மன்னிக்க முடிகிறது. நுண்ணலைக்கு அந்த வசதி இல்லை, ஏனெனில் குவியத்தூரத்தை நீட்டினால் குவியமே கலைந்துவிடும்.

அதிபரவளைய லென்ஸ் ஒன்று மட்டும் இருந்தால், ஹார்னிலிருந்து விரியும் அலையை இணையான கற்றையாக்கும், அல்லது இணைக் கற்றையைக் குவிக்கும். ஹார்னிலிருந்து வருவதை மறுபக்கம் ஓரிடத்தில் குவிக்க இரண்டு லென்ஸ்கள் தேவை: ஒன்று அலையை நேராக்குவதற்கு, மற்றொன்று குவிப்பதற்கு. ஒரே வார்ப்பு அச்சில் செய்த இரண்டு லென்ஸ்களின் தட்டை முகங்களை இடைவெளி இல்லாமல் ஒட்டிவிடுங்கள். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. தட்டை முகம் காற்றைப் பார்த்து நின்றால், அங்கே 4 சதவீத ஆற்றல் தெறித்து, வந்த வழியே மிகச் சரியாக ஹார்னுக்கே திரும்பிப் போய் நிலை அலைகளை உண்டாக்கி அளவீட்டைக் கெடுக்கும். முகங்களை ஒட்டிவிட்டால் அந்தத் தெறிப்பு மறைந்துவிடுகிறது. எஞ்சுவது வளைந்த இரு முகங்களில் ஏற்படும் சிறு இழப்புதான். கால் அலைநீள ஆழத்துக்கு மேற்பரப்பில் வரிப்பள்ளங்கள் வெட்டி இந்த எஞ்சிய தெறிப்பையும் குறைக்கும் முறை உண்டு என்றாலும், மொத்தமே 8 சதவீத அளவிலான இழப்புக்காக மெழுகில் அந்த வேலையைச் செய்யுமாறு நான் சொல்ல மாட்டேன்.

இவ்வாறு இரு லென்ஸ்களை இணைத்துக் குவிக்கும் ஏற்பாடு ஆய்வுலகில் நன்கு நிலைபெற்றது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கோட்கோங்கர், வரதன் இணையர் ஆகியோர் 1989-இல் வெளியிட்ட அளவீட்டு முறையில், ஹார்னோடு இணைந்த குவிலென்ஸ்களுக்கு நடுவே தட்டையான மாதிரியை நிறுத்தி அதன் விடுதிறனை அலைவழிகாட்டி (நுண்ணலையைக் கொண்டுசெல்லும் உலோகக் குழாய்) இல்லாமலேயே அளந்தார்கள். மாதிரியின் விளிம்புகளில் அலை படாமல் நடுவில் மட்டும் படவேண்டும் என்பதற்காகத்தான் அங்கே குவிப்பு தேவைப்பட்டது. நுண்ணலை லென்ஸ்களின் பயன்களில் பெரும்பங்கு இந்த வகையைச் சேர்ந்தது: ஆற்றலைச் செறித்து எரிப்பதைவிட, அலை எங்கே படவேண்டும், எங்கே படக்கூடாது என்று ஒழுங்குசெய்வது.

குவியத்தின் அளவு என்னவாகும்? ஹார்ன் இருக்கும் புள்ளியிலிருந்து பார்த்தால் லென்ஸின் விளிம்பு அச்சோடு 22.6 பாகை கோணம் அமைக்கிறது; அதன் சைன் 15/39, அதாவது 0.385. சீரான ஒளிர்வு இருந்தால் அரைத்திறன் அகலம் (செறிவு உச்சத்தில் பாதியாகும் இரு இடங்களுக்கு நடுவே உள்ள தூரம்) அலைநீளத்தில் பாதியை இந்த எண்ணால் வகுத்ததற்குச் சற்றே கூடுதல்: ஏறத்தாழ 4 சென்டிமீட்டர். ஹார்னின் கற்றை விளிம்பை நோக்கி மங்கிக்கொண்டே போவதால் நடைமுறையில் 4 முதல் 5 சென்டிமீட்டர் என்று எதிர்பாருங்கள். அச்சு வழியே அதே செறிவு இருபது சென்டிமீட்டருக்கு மேல் நீண்டிருக்கும். குவியப்புள்ளி என்று நாம் சொன்னாலும், உங்கள் ஆய்வகத்தில் கிடைப்பது ஒரு வெள்ளரிக்காயின் வடிவமும் பருமனும் உள்ள பகுதி. இதை லென்ஸின் குறையாகக் கருத வேண்டியதில்லை. எவ்வளவு நேர்த்தியாக வார்த்தாலும், பெரிய விட்டம் அல்லது குறுகிய அலைநீளம் இல்லாமல் இதற்குக் கீழே இறங்க முடியாது.

ஹார்னைத் தேர்ந்தெடுக்கும்போது, அதன் கற்றை 22.6 பாகையில் நடுச்செறிவைவிடச் சுமார் 10 டெசிபெல் குறைந்து, அதாவது பத்தில் ஒரு பங்காக, இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். அதைவிட அகலமான கற்றை லென்ஸுக்கு வெளியே சிந்தி வீணாகும், அறையின் சுவர்களில் பட்டுத் திரும்பியும் வரும். அதைவிடக் குறுகிய கற்றை லென்ஸின் ஓரங்களைப் பயன்படுத்தாமல் விட்டுவிட, விட்டத்துக்காகச் செலவழித்த மெழுகு பயனற்றுப் போகும். குவியத்தூரத்தை ஹார்னின் வாயிலிருந்து அளக்கக் கூடாது. அலை விரியத் தொடங்குவதுபோல் தோன்றும் கட்டமையம் வாய்க்குச் சற்று உள்ளே இருக்கும். ஹார்னை முன்னும் பின்னும் நகர்த்தி அதிகபட்ச அளவீடு கிடைக்கும் இடத்தில் நிறுத்துவதே நடைமுறைக்கு ஏற்ற வழி.

பொருளைப் பற்றிச் சொல்கிறேன். தேவையானவை இரண்டு: மிதமான விலகல் எண், மிகக் குறைந்த உறிஞ்சல். மெழுகு, பாலிஎத்திலீன், பாலிஸ்டைரீன், டெஃப்லான் ஆகிய நான்கும் இவ்விரண்டிலும் தேறும். டெஃப்லானின் விலகல் எண் 1.45, பாலிஸ்டைரீனுடையது ஏறத்தாழ 1.6. மெழுகில் 6 சென்டிமீட்டர் கடக்கும்போது ஏற்படும் உறிஞ்சல் ஒரு டெசிபெல்லில் சில நூறில் ஒரு பங்குதான். அக்ரிலிக் பார்வைக்கு அழகானது, கடைசலுக்கும் எளிது. ஆனால் அதே தடிமனில் அரை டெசிபெல்லுக்கு மேல் விழுங்கிவிடும். முப்பரிமாண அச்சில் பயன்படும் பிஎல்ஏ இழையும் ஏறத்தாழ அப்படித்தான், சற்றுக் கூடுதலாகவே. நைலான், மரம் போன்ற ஈரம் உறிஞ்சும் பொருள்களை நினைக்கவே வேண்டாம். மெழுகின் உண்மையான விலகல் எண்ணை உங்கள் எக்ஸ் பட்டை (10 ஜிகாஹெர்ட்ஸ் அடங்கும் அதிர்வெண் பட்டை) மேசையிலேயே அளந்துகொள்ளலாம்: முனை மூடிய அலைவழிகாட்டியில் மெழுகுத் துண்டை அடைத்து, துளைக்கோட்டில் (உள்ளே அலையின் செறிவை இடத்துக்கு இடம் அளக்க நீளவாக்கில் பிளவு விட்ட அலைவழிகாட்டி) சிறுமப் புள்ளி எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள். 1.5-க்குப் பதிலாக 1.48 வந்தால் கவலைப்பட வேண்டாம். 6 சென்டிமீட்டரில் அது 1.2 மில்லிமீட்டர் பாதைப் பிழைதான், அலைநீளத்தில் இருபத்தைந்தில் ஒரு பங்கு.

இந்த மன்னிக்கும் குணம்தான் நுண்ணலை லென்ஸை மாணவர்களின் கைக்கு எட்டச் செய்கிறது. பாதைப் பிழை அலைநீளத்தில் பதினாறில் ஒரு பங்குக்குள் இருந்தால் போதும் என்று கொண்டால், மெழுகுப் பரப்பில் 3.75 மில்லிமீட்டர் வரை மேடு பள்ளம் இருக்கலாம். அதே அளவுகோலில் ஓர் உலோகப் பரவளைய ஆன்டெனாவுக்கு ஒரு மில்லிமீட்டருக்குக் கீழேதான் அனுமதி, ஏனெனில் அங்கே அலை போகும்போதும் திரும்பும்போதும் பிழை இரு மடங்காகிறது. ஆகவே ஒட்டுப்பலகையில் மேலே சொன்ன ஆறு புள்ளிகளை இணைத்து வளைவை அறுத்து, அதை நடுவில் ஓர் ஆணியைச் சுற்றிச் சுழற்றி, ஈரமான பாரிஸ் சாந்தில் குழிவான அச்சு எடுத்தால் தாராளமாகப் போதும். சாந்து நன்றாகக் காய்ந்ததும் மேற்பரப்பில் சோப்புக் கரைசலைப் பூசுங்கள். இல்லையென்றால் மெழுகு பிடித்துக்கொள்ளும்.

வார்ப்பில்தான் பொறுமை வேண்டும். ஒரு லென்ஸின் கனஅளவு ஏறத்தாழ 1,980 கன சென்டிமீட்டர். மெழுகு சுமார் 1.8 கிலோகிராம் பிடிக்கும். உருகிய மெழுகு உறையும்போது பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்குவதால், முழுவதையும் ஒரே தடவையில் ஊற்றினால் ஓரங்கள் முதலில் இறுகி, நடுவில் குழி விழுந்து, கண்ணுக்குத் தெரியாத வெற்றிடங்கள் உள்ளே தங்கிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் லென்ஸ் சரியாகவே தெரியும். ஆனால் அலை மிக அதிக மெழுகைக் கடக்க வேண்டிய அச்சுப் பகுதியிலேயே காற்று அடைபட்டிருக்கும். இரண்டு விரல் தடிமனுக்கு ஊற்றி, மேற்பரப்பு மங்கி இறுகத் தொடங்கும்போது, உள்ளே இன்னும் இளகியிருக்கும் நிலையில் அடுத்த அடுக்கை ஊற்றுங்கள். அச்சைத் துணியால் மூடி மெல்லக் குளிரவிடுங்கள். கடைசியில் நடுவில் விழும் குழியை நிரப்பி, நேரான இரும்புச் சட்டத்தைச் சூடாக்கித் தட்டை முகத்தை இழைத்துவிடலாம். மெழுகை நேரடித் தீயில் உருக்காமல், கொதிநீரில் வைத்த பாத்திரத்தில் உருக்குவது அவசியம். நம் ஊர்க் கோடையில் மெழுகு லென்ஸைச் செங்குத்தாக நிறுத்தியபடி விட்டால் தொய்ந்துவிடும் என்பதால், வேலை முடிந்ததும் அச்சுக்குள்ளேயே திருப்பி வையுங்கள். நிரந்தரமாக வேண்டும் என்றால் பாலிஎத்திலீன் கட்டையைக் கடைசல் இயந்திரத்தில் கடைவது நல்லது. விலகல் எண் 1.52-க்கு ஏற்ப வளைவை மட்டும் மறுபடி கணக்கிட வேண்டும்.

மெழுகும் பிளாஸ்டிக்கும் மட்டுமே வழி என்று நினைத்துவிட வேண்டாம். பெல் ஆய்வகத்தின் வின்ஸ்டன் காக் 1946-இல் விவரித்த உலோகத் தகட்டு லென்ஸ் முற்றிலும் வேறு கோணத்திலிருந்து வந்தது. இணையான உலோகத் தகடுகளுக்கு நடுவே, மின்புலம் தகடுகளுக்கு இணையாக இருக்குமாறு அலை செல்லும்போது, கட்ட வேகம் ஒளியின் வேகத்தைவிடக் கூடுகிறது. விலகல் எண் ஒன்றுக்குக் கீழே போகிறது. அதனால் அலையைக் குவிக்கும் லென்ஸ் இங்கே நடுவில் மெலிந்தும் ஓரத்தில் தடித்தும் இருக்கும். 3 சென்டிமீட்டர் அலைக்குத் தகடுகளை 2 சென்டிமீட்டர் இடைவெளியில் வைத்தால் விலகல் எண் 0.66. எடை மிகக் குறைவு, உறிஞ்சலும் இல்லை. ஆனால் அதிர்வெண் 9.5-லிருந்து 10.5 ஜிகாஹெர்ட்ஸுக்கு நகர்ந்தால் விலகல் எண் 0.61-லிருந்து 0.70-க்குத் தாவிவிடும். ஒரே அதிர்வெண்ணில் வேலை செய்யும் உங்களுக்கு இது தடையாகாது. பல அலைவரிசைகளைச் சுமக்க வேண்டிய தொலைபேசித் தொடர்புக்கு இது உதவாததால், காக் அடுத்ததாக உலோகச் சிறுதுண்டுகளை நுரையில் பதித்து, அலையைத் தாமதப்படுத்தும் செயற்கை மின்காப்புப் பொருளை உருவாக்கினார். 1951-இல் அமெரிக்காவின் இரு கரைகளையும் இணைத்த, நுண்ணலையை வாங்கி அடுத்த கோபுரத்துக்கு அனுப்பும் 4 ஜிகாஹெர்ட்ஸ் தொடர்புக் கோபுரங்களில் இவ்வகைத் தாமத லென்ஸ்களே இருந்தன.

1944-இல் ருடால்ஃப் லூனெபெர்க் முன்வைத்த கோள லென்ஸையும் குறிப்பிட வேண்டும். அதன் விலகல் எண் மையத்தில் 1.414, அங்கிருந்து படிப்படியாகக் குறைந்து பரப்பில் 1. எந்தத் திசையிலிருந்து இணை அலை வந்தாலும் எதிர்ப்புறப் பரப்பில் குவியும் என்பதால், லென்ஸை அசைக்காமலேயே பல திசைகளைப் பார்க்கலாம். அடர்த்தி மாறுபடும் நுரை ஓடுகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி இதைச் செய்தார்கள்; இன்று முப்பரிமாண அச்சில் உள்நிரப்பின் அடர்த்தியை மாற்றியும் செய்கிறார்கள். உங்கள் முதல் முயற்சிக்கு இது வேண்டாம் என்பது என் கருத்து.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அடுப்பின் 2.45 ஜிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 12.2 சென்டிமீட்டர். மெழுகின் விலகல் எண் அங்கும் 1.5-தான் என்பதால் கதிர்க்கணக்கு அப்படியே பொருந்தும். ஆனால் குவியத்தின் அகலம் 16 சென்டிமீட்டருக்குக் குறையாது, அதாவது லென்ஸின் விட்டத்தில் பாதிக்கும் மேல். 10 ஜிகாஹெர்ட்ஸ் லென்ஸ் செய்யும் அதே வேலையை இங்கே செய்ய வேண்டுமானால் எல்லா அளவுகளையும் நான்கு மடங்குக்குச் சற்று மேலாகப் பெருக்க வேண்டும்: விட்டம் 1.2 மீட்டருக்கு மேல், தடிமன் 24 சென்டிமீட்டருக்கு மேல், எடை ஒவ்வொன்றும் சுமார் 120 கிலோகிராம்.

அளவைவிட முக்கியமான காரணம் வேறு. அடுப்பிலிருந்து மேக்னட்ரானை (நுண்ணலையை உண்டாக்கும் குழல்) கழற்றித் திறந்தவெளியில் இயக்குவதை நான் எந்தச் சூழலிலும் ஏற்க மாட்டேன். அதன் மின்சுற்றில் சுமார் 4,000 வோல்ட் ஓடுகிறது. இணைப்பைத் துண்டித்த பிறகும் மின்தேக்கி உயிரைப் பறிக்கும் அளவு மின்னூட்டத்தை வைத்திருக்கக்கூடும். வெளிவருவது பல நூறு வாட் நுண்ணலை. இரத்த ஓட்டம் வழியே வெப்பத்தை வெளியேற்ற முடியாத விழிலென்ஸ் முதலில் பாதிக்கப்படும், அந்தச் சேதம் வலியின்றியே நடக்கும். உங்கள் கன் டையோடு தருவது 10 மில்லிவாட் என்று வைத்துக்கொண்டால், மேலே சொன்ன குவியத்தில் சதுர சென்டிமீட்டருக்கு அரை மில்லிவாட்டைக்கூட அது தாண்டாது. பொதுமக்களுக்கான பன்னாட்டு வழிகாட்டு வரம்பு சதுர மீட்டருக்கு 10 வாட், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஒரு மில்லிவாட். ஆயினும் மூலம் இயங்கும்போது குவியப் பகுதியில் கண்ணை வைத்துப் பார்க்கும் பழக்கம் வேண்டாம். நாளை அதே மேசையில் திறன் கூடிய மூலம் வரக்கூடும்.

லென்ஸ் தயாரானதும் அளவீட்டில் இரண்டு விஷயங்களை எதிர்பார்த்திருங்கள். உணர்வியாகப் பெரிய ஹார்னைப் பயன்படுத்தாமல், திறந்த முனையுள்ள அலைவழிகாட்டியைப் பயன்படுத்துங்கள். ஹார்னின் வாய் குவியத்தைவிடப் பெரிதாக இருந்தால் குவியத்தின் வடிவம் தெரியவே தெரியாது. மரச் சட்டத்தில் அச்சு வழியே உணர்வியை நகர்த்தும்போது ஒவ்வொரு 1.5 சென்டிமீட்டருக்கும் அளவீடு ஏறி இறங்கும். அது குவியத்தின் அமைப்பு அன்று, உணர்விக்கும் லென்ஸுக்கும் நடுவே உருவாகும் நிலை அலை. அடுத்தடுத்த ஏற்ற இறக்கங்களின் சராசரியை எடுத்து வளைகோடு வரையுங்கள். அப்படி வரைந்தபின் உச்சம் 30 சென்டிமீட்டரில் இல்லாமல் லென்ஸை நோக்கிச் சில சென்டிமீட்டர் முன்னதாக நிற்பதைக் காண்பீர்கள். வார்ப்பில் தவறு என்று எண்ணி லென்ஸைச் சுரண்டிவிட வேண்டாம். விட்டம் பத்து அலைநீளம் மட்டுமே உள்ள எந்த லென்ஸிலும் செறிவின் உச்சம் கதிர்க்கணக்குக் காட்டும் இடத்துக்கு முன்பே வரும்; அதிர்வெண்ணைச் சற்றுக் கூட்டினால் அந்த இடைவெளி குறைவதை அதே மேசையில் நீங்களே பார்க்கலாம்.